வாதமும் வாய்மையும்

மெய்ப்பொருளை ஆராய்வார்க்குச் சொல் ஒரு கருவி. கருவி செம்மையுறாவழிக் காரியமும் செம்மையுறாது. எனினும் கருவியே காரியம் ஆகிவிடாது. இவ்வேறுபாடு மறக்கப்படுமிடத்து ஆராய்ச்சி வழக்காகின்றது, வழக்குப் பகையாகின்றது. ஆகலின் சொல்வன்மைக்கும் வாய்மைக்கும் உள்ள தொடர்பினை நம் மாணவர் பொருட்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கௌதம முனிவரது நியாய சூத்திரம் கூறும் 16 பதார்த்தங்களுள் உரையாட்டின் வகையாக வருவன மூன்று. உண்மை காண்டலொன்றே வேண்டி இருபக்கத்தையும் பிரமாணங்கொண்டு ஆராய்வது வாதம். வெற்றியே குறித்துச் சலம் முதலியவற்றானும் தன்பக்கத்தை நிறுத்த முயல்வது சற்பம். தனக்கென ஒரு பக்கமின்றிப் பிறர்பக்கத்தை அழித்தலே தொழிலாகவுடையது விதண்டை. சலமாவது, ஒருவன் கருதிய பொருளை விடுத்து, அவன் சொல்லுக்கு வேறுபொருள் கற்பித்து மறுத்தல். 'இவன் நவகம்பலம் உடையான்' என ஒருவன் கூறினானாக, 'நவம்' என்பது புதுமையையும் ஒன்பதையும் உணர்த்துமாகலின், 'இவன்பால் உள்ளது ஒரு கம்பலமன்றோ? ஏனைய எட்டும் யாண்டுள?' என மற்றவன் வினாவுதல் இதற்கு உதாரணம். அவையோர் நகைப்பர், மறுத்தவன் வென்றான்போலத் தோன்றும். ஆயின் அக்கம்பலம் புதியதோ பழையதோ என்னும் வினா விடையின்றியே கிடக்கும்.

இவ்விலக்கணத்தை நம் நாட்டிலே நிகழ்ந்த ஒரு பெருவாதத்தின்கண் வைத்துக் காண்பாம். 1873 ஆம் ஆண்டு ஆகஸ்டு 26, 28 ஆம் நாள்களிற் பாணந்துறையிலே பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் பெருங்கூட்டத்தின் முன்னே வாதம் நிகழ்ந்தது. கிறிஸ்தவர் பக்கத்துத் தலைவராக நின்ற உவெஸ்லியன் சபைப் போதகர் தாவீது த சில்வா, பாளி நூல்களைக் கற்று அவற்றினின்று மேற்கோள் காட்டிப் பேசியவர். பௌத்தர் பக்கத்து நின்ற மீகெட்டுவத்தை குணாநந்த தேரர், கேட்போர் உள்ளத்தைப் பிணிக்கும் நாவன்மை படைத்தவர்.

'ஐங்கந்தமும் மரணத்தில் அழியும், ஆன்மா என்பதும் இல்லையெனின், வினைப்பயனை நுகர்வோன் யாவன்?' என்பது சில்வாவின் தலையாய வினா. 'பிறப்போன் முன்னையவனும் அல்லன், பிறனும் அல்லன்' என்பது தேரரின் விடை. வினாவும் ஆழ்ந்தது, விடையும் ஆழ்ந்தது. நம் சிவஞானசித்தியாரின் பரபக்கத்திலே கணபங்கவாதத்தை மறுக்குமிடத்து எழும் ஆராய்ச்சியும் இதற்கு அணித்தே. பல நாள் அமைதியாக இருந்து ஆராயத்தக்க இப்பொருள் அன்று குறித்த பொழுதிற்குள்ளே பேசி முடிக்கப்பட்டது. 'சாது! சாது!' என்னும் ஆரவாரத்தில் வெற்றி தேரரதாயிற்று. அவ்வாதத்தின் செய்தி அமெரிக்காவரையிற் சென்றது. 1880 இல் ஒல்கொட் இலங்கைக்கு வருதற்கும் அது வழிகோலிற்று. ஒடுக்கப்பட்ட சமயம் ஒன்று தலைநிமிர்ந்த அந்நிகழ்ச்சியின் பெருமையை யாம் குறைத்துக் கூறேம். ஆயின் கூட்டத்தின் முழக்கம் தீர்த்தது எவர் வென்றார் என்பதனையே. வினைப்பயனை நுகர்வோன் யாவன் என்பதனை அன்று.

அஃதேல், சொல்வன்மை வேண்டாவோ எனின், வேண்டும். திருவள்ளுவனார் சொல்வன்மைக்குத் தனி அதிகாரம் வகுத்தனர். அதனை அவர் வைத்த இடத்தை நோக்குக. சொல்வன்மை 65 ஆம் அதிகாரமாகப் பொருட்பாலின் அமைச்சியலில் நிற்கின்றது. வாய்மை 30 ஆம் அதிகாரமாக அறத்துப்பாலின் துறவறவியலில் நிற்கின்றது. முன்னையது தொழிலுக்கு வேண்டும் திறன். பின்னையது உயிர்க்கு வேண்டும் நோன்பு. நோன்பின்றித் திறன் மாத்திரம் உடையான் எப்பக்கத்தையும் வெல்விப்பான். அவனது வெற்றியால் எப்பக்கமும் மெய்யாகாது.

இனி, ஒருவன் உண்மை வேண்டி வாதிக்கின்றானோ வெற்றி வேண்டி வாதிக்கின்றானோ என்பதனை அறிதற்கு அளவைக்கோல் ஒன்று உளதோ எனின், உளது. எதிரியின் கொள்கையை அவன் எங்ஙனம் எடுத்துரைக்கின்றான் என்பதே அது. அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்திலே உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதங்களை எடுத்துக்கொண்டு, அவ்வம் மதத்தை முன்னர் அதன் வாயாலேயே பேசவிட்டு, பின்னரே மறுத்தனர்.

நம் அயலவராகிய முஸ்லிம்கள் போற்றும் இமாம் கஸ்ஸாலி (1058–1111) அவர்களும் இந்நெறியே நின்றார். தத்துவவாதிகளின் கருத்துக்களைத் தொகுத்து அவர் இயற்றிய நூல் இலத்தீன் மொழியிற் பெயர்க்கப்பட்டபோது, அதனைக் கற்ற ஐரோப்பியர் அவரையும் அத்தத்துவவாதிகளுள் ஒருவரென மயங்கினர். மறுக்கப்புகுந்தவன் அத்துணைச் செவ்விதாகப் பிறர் மதத்தை உரைத்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அவரை மறுத்த இப்னு ருஷ்தும் (1126–1198) அவர் சொற்களைப் பகுதி பகுதியாக எடுத்து வைத்தே விடை கூறினார்.

நல்லைநகர் ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றியவர்; 1854 இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில் அந்நூலின் உட்பொருளைக் கொண்டே விடையிறுத்தார். பாதிரிமார் பாடசாலையிற் பயின்ற எம்மனோர்க்கு இதனால் ஒரு கடப்பாடு உண்டு. பிறர் நூலை உள்ளிருந்து கற்றவன் அதனைத் திரித்துரைப்பானாயின், அறியாமை என்னும் சாக்கும் அவனுக்கு இல்லை.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கும் இக்கரையிலே இஃது ஏட்டுப்பாடம் மாத்திரமன்று. சைவரும் முஸ்லிம்களும் ஈண்டு ஒரே தமிழைப் பேசுகின்றனர். தாய்வழிக் குடிமுறையும் இருவர்க்கும் உண்டு. ஒருவர் கூறியது மற்றவர் செவிக்கு அன்றே எட்டும். 1990 இல் இரு சாராரும் இக்கரையில் உயிர்களை இழந்தனர். அத்துயரைச் சொல் மாத்திரமே விளைத்தது என்று யாம் கூறேம். எனினும், பிறர் கூறாததைக் கூறினாரென மேடையில் முழங்கும் நா அத்தகைய நெருப்பிற்கு விறகு என்பதில் ஐயமில்லை.

ஆகலின் விவாதமேடை ஏறும் மாணவர் மூன்றனைக் கைக்கொள்ளுக. எதிரியின் கொள்கையை, 'ஆம், யான் கூறியது இதுவே' என்று அவன் உடன்படும்வரை எடுத்துரைத்த பின்னரே மறுக்கத் தொடங்குக. அவன் சொல்லை அவன் கருதிய பொருளிலேயே கொள்ளுக. விடையறியா வினா எழுமிடத்து, கைதட்டலால் அதனை மூடாது, 'இதற்கு விடை இன்னும் காணேம்' என்று கூறுக. இம்மூன்றும் உடையான் அவையிலே தோற்பினும் தோற்கலாம். அவனைக் கேட்டோர் முன் அறியாத ஒன்றனை அறிந்தே வீடு செல்வர்.