வாய்தா அன்று யார் வந்து நிற்பார்?

கல்யாணத்தில் விரிசல் விழுந்த வீட்டுக்கு வக்கீலுக்கு முன்பே யோசனைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. பெரியப்பா ஒன்று சொல்வார். பஞ்சாயத்துப் பேசிப் பழகிய ஊர்ப் பெரியவர் வேறொன்று சொல்வார். விவாகரத்து வாங்கிய தோழி, தன் வழக்கில் நடந்ததையே சட்டம் என்பாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அதை நம்பி ஆரம்பத்தில் எடுக்கும் முடிவுகள் பிறகு வருஷக்கணக்கில் இழுக்கின்றன. தமிழ்நாட்டில், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

"பத்திரத்தில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு, முடிஞ்சுது."

முடியவில்லை. முத்திரைத்தாளில் 'இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதி, தாலியைக் கழற்றி வாங்கி, சீர்ப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் வாங்கிவிடுவார்கள். இத்தனை செய்த பிறகும் சட்டத்தின் கண்ணில் இருவரும் கணவன் மனைவிதான். வழக்கப்படியான மணமுறிவைச் சட்டம் அடியோடு மறுக்கவில்லை என்பது உண்மை. 29(2)-ஆம் பிரிவு அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது என்று அதைச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அது எளிதல்ல. அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டால் அந்த மணம் செல்லாது. இருதார வழக்கில் ஏழு ஆண்டு வரை சிறைக்கும் வாய்ப்பு உண்டு. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்குப் போய் நிற்கும்போதுதான் பல பெண்களுக்கு இது தெரியவருகிறது. இதைவிடக் கொடுமையான நேரம் வேறில்லை. பத்திரம் எழுதச் சொல்பவரிடம் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

"அஞ்சு வருஷம் பிரிஞ்சிருந்தா தானாகவே விவாகரத்து."

எத்தனை வருஷம் பிரிந்திருந்தாலும் தானாக எதுவும் நடக்காது. இரண்டு ஆண்டுகள் காரணமின்றிக் கைவிட்டுப் போயிருந்தால் அது விவாகரத்துக் கேட்க ஒரு காரணம். மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். மீட்க முடியாதபடி மணம் முறிந்துவிட்டது என்ற ஒன்றைமட்டும் வைத்து மணத்தைக் கலைக்கும் அதிகாரம், அரசியல் சாசனத்தின் 142-ஆம் உறுப்பின் கீழ் தனக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023-இல் சொன்னது. உங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

"சென்னையிலிருந்து பெரிய வக்கீல் வந்தாத்தான் ஜெயிக்கலாம். உள்ளூர் வக்கீல் எதிராளியோடு சேர்ந்துக்குவார்."

மற்ற நம்பிக்கைகளைவிட இது அதிகம் பணத்தைத் தின்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வக்கீல் யார் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்பது. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர், எதிர்மனுதாரர் இப்போது இருக்கும் ஊர் ஆகிய மூன்றில் ஒன்றில் மனுப் போடலாம். மனைவி மனுப் போடுவதானால், தான் அப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 2003-இல் வந்த திருத்தம் இது. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட பெண்ணுக்கு இது பெரிய துணை, பலருக்கும் இன்னும் தெரியாத துணை. ஜீவனாம்ச மனுவையும் அவள் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் விவாகரத்து மனுவை சப்-கோர்ட் விசாரிக்கும். வழக்கு எந்த ஊரில் நிற்கப்போகிறதோ, அந்த நீதிமன்றத்துக்கு நாள்தோறும் போய்வரும் வக்கீல்தான் உங்களுக்கு வேண்டியவர்.

ஏன் என்று கேட்டால், குடும்ப வழக்கில் பாதி நாள் வாதமே இருக்காது. நோட்டீஸ் சார்வு ஆனதா, எதிருரை தாக்கலானதா, கவுன்சலிங் அறிக்கை வந்ததா என்பதற்கே வாய்தா போகும். காலையில் டவாலி வராந்தாவுக்கு வந்து பெயரைக் கூப்பிடுவார். கூட்டத்தில், குழந்தை அழுகையில், அது காதில் விழாமலே போகலாம். மனுதாரர் பக்கம் யாரும் இல்லையென்றால் மனு தள்ளுபடி ஆகலாம். எதிர்மனுதாரர் பக்கம் யாரும் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே உத்தரவு. அதை நீக்கக் கோரி முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும், அதற்கு ஒரு செலவு, இன்னும் சில மாதங்கள். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய வக்கீல் இப்படிப்பட்ட வாய்தாக்களுக்கு வரமாட்டார். வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்த ஊரில் யாரையாவது போனில் பிடித்து நிற்கச் சொல்வார். பீஸ் ஒருவருக்கு, நிற்பவர் உங்கள் முகமே தெரியாத இன்னொருவர்.

இன்னொன்றும் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையல்ல. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆனாலும் கவுன்சலிங் அறைக்குள் நீங்கள்தான் போக வேண்டும், கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு உங்களைத் தயார்செய்ய நேரம் ஒதுக்கும் வக்கீல், மேடைப் பேச்சுப் போல வாதாடுபவரைவிடப் பயன்படுவார். வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்கும்போதும் மேல்முறையீட்டின்போதும் உயர் நீதிமன்ற வக்கீல் தேவைப்படும். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது.

சேர்ந்துகொள்வார் என்ற பயத்துக்கு வருவோம். தன் வக்கீல் எதிர்த்தரப்பு வக்கீலோடு கோர்ட் வாசல் டீக்கடையில் நிற்பதைப் பார்த்ததுமே விலைபோய்விட்டார் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. குடும்ப வழக்கில் இரு வக்கீல்களும் பேசிக்கொள்வது நல்லது. நகை திரும்புவதும் குழந்தையைப் பார்க்கும் நேரம் முடிவாவதும் பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான். நீங்கள் சொன்ன ரகசியத்தை உங்கள் அனுமதியின்றி வெளியிட சட்டம் அவரை விடாது. சின்ன ஊரில் பார்க்க வேண்டிய ஆபத்து வேறு: உங்கள் கணவரோ மனைவியோ அதே வக்கீலிடம் முன்பே போய் ஆலோசனை கேட்டிருக்கலாம். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறுதரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. முதல் சந்திப்பிலேயே, கதையைச் சொல்லத் தொடங்கும் முன், "அவங்க வீட்டிலிருந்து யாராவது உங்களிடம் வந்தார்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

"ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே, ஒரே வக்கீல் போதும்."

பரஸ்பர சம்மத மனு கூட்டு மனு என்பதால் ஒரே வக்கீல் வைப்பது வழக்கத்தில் உண்டு. ஆனால் பணம், நகை, குழந்தை பற்றிய ஒப்பந்தம் எழுதப்படும்போது அதை உங்களுக்காக மட்டும் படிக்கும் ஒருவர் வேண்டும். சம்மதத்தின் பேரில் பிறந்த தீர்ப்பை எதிர்த்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துக்குப் பிறகு "சரியாப் படிக்கலையே" என்றால் கேட்பாரில்லை.

மனுவுக்கு முன் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுத் தனியே மனுப் போட வேண்டும்; உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

"வேலைக்குப் போற பெண்ணுக்கு ஜீவனாம்சம் கிடையாது."

சம்பாதிக்கிறாள் என்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது. அந்தச் சம்பளம் அவள் வாழ்ந்த வாழ்க்கைக்குப் போதுமா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். 2020-இல் ரஜ்னீஷ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு இருவருமே வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகல்களை இப்போதே சேர்த்துவையுங்கள்.

"வர்ற தொகையில் பத்து பர்சென்ட் வக்கீலுக்கு."

கொடுக்காதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதையும் வரும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. மொத்தத் தொகை எவ்வளவு, அதில் இடைக்கால மனுக்கள் சேர்ந்தவையா, ரசீது உண்டா என்று முதலிலேயே பேசுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்; வெற்றுத் தாளில் வேண்டாம்.

பணம் இல்லாதவர்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தொலைபேசி எண் 15100.

"ஒரு வக்கீலை வெச்சா கடைசிவரை அவர்தான்."

எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பீஸ் பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியே கேட்டுக்கொள்ளலாம். தாக்கலாகும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். வழக்கு பதிவானதும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு அடுத்த வாய்தா என்றைக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.