காயம் ஆறிய கண்

கேள்வி: பண்டைய எகிப்தியர் ஹோரஸின் கண்ணைத் தாயத்தாக அணிந்தது திருஷ்டி படாமல் இருக்கத்தானே?

பதில்: திருஷ்டி கழிப்பது மட்டுமே நோக்கம் என்றால், அந்தக் கண்ணுக்கு இப்படியொரு கதை தேவைப்பட்டிருக்காது. கடவுளான ஹோரஸ் தன் எதிரி சேத்துடன் நடந்த சண்டையில் கண்ணை இழக்கிறான். தோத் என்ற கடவுள் அதைச் சீராக்கித் தருகிறார். ஹோரஸ் அதை இறந்த தந்தை ஒசைரிஸுக்குப் படைக்கிறான். ஆகவே அது சிதைந்து மறுபடி முழுமையடைந்த கண். அதன் காவல் சக்தி அந்த முழுமையில்தான் இருக்கிறது என்பேன். வலுவான சான்று மம்மிகளின் உடலிலேயே உண்டு. உள்ளுறுப்புகளை எடுக்க இடது விலாப்புறம் கீறிய இடத்தைத் தகடு வைத்து மூடினார்கள். அதில் பெரும்பாலும் இந்தக் கண்ணையே பொறித்தார்கள். தானிஸில் 1940-இல் திறக்கப்பட்ட மன்னர் முதலாம் சூசென்னஸின் அடக்க அறையில் கிடைத்தது அப்படியொரு தங்கத் தகடு. பிறர் பார்வைதான் பயம் என்றால், துணிச்சுற்றுகளுக்கு அடியில், வெட்டுக்காயத்தின் மேல் கண்ணை வைப்பானேன்?

சூரியக் கடவுள் ராவின் கண் எதிரிகளைச் சுட்டெரிக்கும் உக்கிரத் தெய்வமாயிற்றே, அது விரட்டும் காவல் இல்லையா என்று மறுக்கலாம். உண்மைதான், மன்னரின் நெற்றியில் சீறும் நாகம் அந்த வகையே. இரண்டு கண்களும் பல இடங்களில் ஒன்றோடொன்று கலக்கவும் செய்கின்றன. ஆனால் அந்தக் கண்ணும் கோபித்துப் பிரிந்துபோய், சமாதானமாகித் திரும்பி வந்ததாகவே புராணம் சொல்கிறது. அங்கேயும் இழந்தது மீள்கிறது.