வாட்டர் பிளாக் பரீட்சை

கிராபிக்ஸ் கார்டுக்குப் புதிய வாட்டர் பிளாக் பொருத்திய அன்பர்கள் பலர், அன்று மாலையே வந்து, "பழைய பிளாக்கில் 49 டிகிரி காட்டிய கோர் இப்போது 45-ல் நிற்கிறது" என்று சந்தோஷத்தோடு சொல்வதுண்டு; அவ்வேளையில் குழாயில் ஓடிய நீர் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இராது. சிப்பின் உஷ்ணத்தை வாங்கி நீரிடம் ஒப்படைப்பதே பிளாக்கின் காரியம்; அந்த நீரைக் குளிர்விப்பது ரேடியேட்டரின் பொறுப்பு. ஆகவே பிளாக்கைப் பரீட்சிக்க முற்படுகிறவர் குறித்துக்கொள்ள வேண்டியது, கோருக்கும் பிளாக்கினுள் நுழையும் நீருக்கும் இடையே உள்ள உஷ்ண வித்தியாசத்தைத்தான்.

2020-ல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3090-ஐயே உதாரணமாகக் கொள்வோம். அதன் மின்சார வரம்பு 350 வாட். விளையாட்டை ஓட்டிப் பார்த்தால் காட்சிக்குக் காட்சி சுமை மாறும். ஃபர்மார்க் என்னும் சுமைப் பரீட்சை நிரலை ஓட்டினால் கார்டு தன் வரம்பைத் தொட்டு அங்கேயே நிலைத்து நிற்கும். அப்போது கிளாக் வேகம் சற்று ஏறி இறங்குவதைக் கண்டு கலங்க வேண்டாம். வாட் மாறாமல் இருந்தால் நமக்குப் போதும். பம்ப், விசிறி இரண்டின் வேகத்தையும் தானாக மாறாதபடி நிறுத்திவிடுக.

நீரின் உஷ்ணத்தை அளக்கும் தெர்மிஸ்டரைப் பிளாக்கின் நுழைவாயிலிலேயே பொருத்த வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால், முதலில் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்து நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, அவற்றுக்குள் உள்ள பேதத்தை எழுதி வைத்துக்கொள்க. நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடும் நீர் 350 வாட் உஷ்ணத்தை வாங்கினாலும் சுமார் 1.25 டிகிரிதான் ஏறும். அரை டிகிரி பிழையுள்ள கருவிகளை வைத்துக்கொண்டு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கழித்து, நீர் வாங்கிய உஷ்ணத்தைக் கணக்கிட முயல்வது வீண் சிரமம். நீரோட்டத்தை மீட்டர் வைத்து 4 லிட்டருக்கு நிலைநிறுத்துவதே என் வழக்கம். அதற்குப் பம்ப் எந்த வேகத்தில் ஓட வேண்டியிருந்தது என்பதைத் தனியே குறித்தால், பிளாக் நீரை எவ்வளவு தடுக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

இனி வருவதுதான் அநேகர் சறுக்கும் இடம். ஒரே பிளாக்கை, ஒரே பேஸ்ட்டை, ஒரே மனிதர் இரண்டு தடவை பொருத்தினால் இரண்டு விடை வரும். ஒன்றிரண்டு டிகிரி வேறுபாடு சர்வசாதாரணம். ஆதலால் ஒரு தடவை மாத்திரம் பொருத்திவிட்டு, இந்தப் பிளாக் அந்தப் பிளாக்கைவிட ஒரு டிகிரி மேல் என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் நியாயமில்லை. மூன்று தடவை பொருத்துவது குறைந்தபட்சம்; நான் ஐந்துக்குக் குறைவதில்லை. ஒவ்வொரு தடவையும் பேஸ்ட்டை முற்றிலும் துடைத்து, சிப் முழுவதும் படும்படி புதிதாகத் தடவி, சிப்பைச் சுற்றியுள்ள நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாக, ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேற்படாமல், பொறுமையாக முடுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கிவிட்டால் பிளாக் சாய்ந்து உட்காரும். பின்பு மற்றவற்றை எவ்வளவு இறுக்கினாலும் அந்தச் சாய்வு முழுவதும் நீங்குவதில்லை. கழற்றியதும் சிப்பை விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள்: நன்றாக அமர்ந்திருந்தால் பேஸ்ட் மெல்லிய படலமாகி, நடுவில் சிப்பின் கண்ணாடிப் பளபளப்பு ஊடே தெரியும், ஒரு பக்கம் மாத்திரம் சாம்பல் நிறத்தில் தடித்துக் கிடந்தால் அந்தத் தடவை எடுத்த அளவைத் தள்ளிவிடுக. நான்கு பக்கமும் ஒரே சீராகத் தடித்திருந்தால் குற்றம் திருகில் இல்லை, மெமரியின் மேல் ஒட்டிய தெர்மல் பேடில் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த கனத்துக்கு அரை மில்லிமீட்டர் அதிகமான பேட், பிளாக்கைத் தூக்கிப் பிடித்துச் செம்பைச் சிப்பின்மீது படியவிடாது. கழற்றாமலே சந்தேகிக்கவும் ஒரு குறிப்பு உண்டு: ஹாட்ஸ்பாட் உஷ்ணம் கோரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே இருப்பது இயல்பு; இருபதைத் தொட்டால் நான் உடனே நிறுத்திவிட்டுத் திருகாணியை எடுத்துவிடுவேன்.

குழாயிலுள்ள காற்றுக் குமிழிகள் போன பிறகு சுமையை ஏற்றி, பத்து நிமிஷத்தில் நீரின் உஷ்ணம் 0.2 டிகிரிக்கு மேல் மாறாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய ரேடியேட்டரானால் இதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். அவசரப்படுகிறவர்கள் இந்தப் பரீட்சையில் இறங்காதிருப்பதே நலம். பிறகு ஐந்து நிமிஷ அளவுகளின் சராசரியை எடுத்து, வித்தியாசத்தை வாட்டால் வகுக்கவும். கோர் 48, நீர் 33, சுமை 350 வாட் என்றால் வாட்டுக்கு 0.043 டிகிரி என்பது விடை. அறையின் உஷ்ணம் வேறுபட்ட இரண்டு நாட்களின் பரீட்சைகளையும் இந்த ஒரே எண்ணைக்கொண்டு ஒப்பிடலாம்.

மெமரியின் உஷ்ணத்தையும் இதே கையோடு எழுதிப் பிளாக்கின் கணக்கில் சேர்ப்பவர்கள் இந்தக் கார்டின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். 3090-ன் மெமரி சிப்களில் பாதி பலகையின் பின்புறத்தில் இருக்கின்றன. முன்புறத்தில் அமரும் பிளாக்குக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பின்தகட்டின்மேல் ஒரு சிறு விசிறியை எல்லாப் பரீட்சையிலும் ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் வைத்துவிட்டு, அந்த எண்ணைத் தனிப் பத்தியில் எழுதுக.