பூம் பிடிப்பீர்களா?

லண்டனில் சினிமா படிக்க வேண்டும் என்றால் இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடும். ஒன்று, 1956இல் தொடங்கிய லண்டன் பிலிம் ஸ்கூல். மற்றது, மேரிலபோனில் ரயிலேறிப் போகும் பீக்கன்ஸ்ஃபீல்டில் உள்ள நேஷனல் பிலிம் அண்ட் டெலிவிஷன் ஸ்கூல். இரண்டாவதில் இயக்கம், ஒளிப்பதிவு போன்ற படிப்புகளுக்கு எட்டுப் பத்துப் பேரைத்தான் எடுப்பார்கள். விண்ணப்பத்தில் ஒருமுறை சலித்து, நேர்காணலில் மறுபடி சலித்து, சில படிப்புகளுக்கு ஒர்க்‌ஷாப்பிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் இடம்.

செய்ய வேண்டியவை

• உங்களுக்குத் தெரிந்த இடத்தைப் படமெடுங்கள். டூட்டிங்கில் மாமாவின் கடை: விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கி, முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்து, முறிந்ததை மட்டும் ஓரமாகப் போடும் கை. மூன்று நிமிடம் போதும். துப்பாக்கியும் மழையும் வைத்த குறும்படங்களைத் தேர்வாளர்கள் பார்த்துச் சலித்திருப்பார்கள்.

• நேர்காணலில் "ஏன் இங்கே வெட்டினீர்கள்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். "சத்தம் கெட்டுப்போயிருந்தது, மறைக்க வெட்டினேன்" என்பதும் நல்ல பதில்தான்.

• பிடித்த படம் 'வீடு' என்றால் அதையே சொல்லுங்கள். 1988இல் பாலு மகேந்திரா பாட்டே இல்லாமல் எடுத்த படம். எதிரில் இருப்பவர் அதைப் பார்த்திருக்கமாட்டார், அதனால் என்ன? கட்டி முடியாத அந்தச் சுவர்களை அவர் கண்முன் கொண்டுவர உங்களால் முடிகிறதா என்பதுதான் சோதனை.

• ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் பணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். மாணவர் விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கி முதல் நாள் போட்டுக் காட்டும் வேலை இங்கே நடக்காது.

செய்யக்கூடாதவை

• "சினிமாதான் என் மூச்சு" வேண்டவே வேண்டாம்.

• "நான் டைரக்டர் மட்டும்தான்" என்று சொல்லாதீர்கள். லண்டன் பிலிம் ஸ்கூலின் எம்.ஏ. படிப்பில் ஒரு டெர்மில் இயக்கியவர் அடுத்த டெர்மில் இன்னொருவர் படத்துக்கு ஒலிப்பதிவு செய்ய வேண்டியிருக்கும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டில் அத்தனை சண்டை போட்டு, அக்கவுண்டன்சியைப் பாதியில் விட்டு வந்தவரிடம், மைக் கட்டிய கம்பைக் காட்டி "பூம் பிடிப்பீர்களா?" என்று கேட்டால் முகம் சுருங்கத்தான் செய்யும். அந்தச் சுருக்கத்தை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தவறவிடுவதில்லை.

• நண்பனின் ஒளிப்பதிவை உங்களுடையது என்று காட்டாதீர்கள். எந்த லென்ஸ் என்ற மூன்றாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

• இடம் கிடைக்காவிட்டால் அதே படத்தோடு அடுத்த வருடமும் போய் நிற்காதீர்கள். பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கிய ரோஜர் டீக்கின்ஸையே பீக்கன்ஸ்ஃபீல்டில் முதல் தடவை சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் புகைப்படங்களில் சினிமாத்தன்மை போதாது என்றார்களாம். மனிதர் நார்த் டெவனுக்குப் போய் ஓராண்டு கிராமத்து வாழ்க்கையைப் புகைப்படமெடுத்தார். 1972இல் அதே பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது.