நேர்காணலில் மிகைப்பேச்சு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேலைக்கான நேர்காணலில் தன்னை உயர்த்திச் சொல்வது பற்றிச் சில தவறான எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றால் அதிகம் இழப்பவர், உள்ளதை உள்ளபடி சொன்னவர்தான்.

நம்பிக்கை 1: ஒரு சிலர்தான் மிகைப்படுத்துவார்கள்.

உண்மை: அமெரிக்காவில் வேலை தேடிய கல்லூரி மாணவர்களை ஜூலியா லெவாஷினாவும் மைக்கேல் கேம்பியனும் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் கூட்டியோ மறைத்தோ பேசியிருந்தார்கள். ஆனால் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. நான்கு பேர் முடித்த ப்ராஜெக்டில் தன் பங்கைப் பெருக்கிச் சொல்வது ஒன்று. செய்யாத ப்ராஜெக்டைச் செய்ததாகச் சொல்வது இன்னொன்று. அப்பட்டமான பொய்யை ஒட்டிய பேச்சு அந்த ஆய்வில் வகைக்கேற்ப 28 முதல் 75 சதவீதம் வரை இருந்தது.

நம்பிக்கை 2: அனுபவசாலி முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்.

உண்மை: சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் கண்டது: மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தறிவது 100க்கு ஏறக்குறைய 54 முறைதான். குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 சரியாகிவிடும். தொழில்முறை அனுபவமும் இதில் பெரிதாக உதவவில்லை. குரல் நடுங்குவது பதற்றத்தால். முதன்முறை வந்தவர் நடுங்குவார். ஒத்திகை பார்த்த பொய்யர் நடுங்கமாட்டார்.

நம்பிக்கை 3: துருவித் துருவிக் கேட்டால் உண்மை வந்துவிடும்.

உண்மை: லெவாஷினா–கேம்பியன் ஆய்வில் துணைக்கேள்விகள் மிகைப்பேச்சை அதிகமாக்கின. “இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?” என்பதைவிட “அப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்?” என்ற கேள்விக்கே கற்பனை குறைந்தது. நேர்காணல் நடத்துபவர்களே, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடுங்கள். வேலையில் ஒரு பகுதியைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 4: வேலை கிடைத்துவிட்டால் யாரும் கிளறமாட்டார்கள்.

உண்மை: யாஹூ தலைமை அதிகாரி ஸ்காட் தாம்சன் 2012 ஜனவரியில் பதவியேற்று மே மாதமே விலகினார். கணக்கியல் பட்டம் பெற்ற அவருடைய தன்விவரத்தில் பெறாத கணினி அறிவியல் பட்டமும் இருந்தது. நம் நாட்டில் வருங்கால வைப்பு நிதியின் (பிஎஃப்) யூஏஎன் கணக்கிலேயே பணியில் சேர்ந்த, விலகிய தேதிகள் பதிவாவதால், இல்லாத அனுபவத்தைச் சொன்னாலும் பின்னர் தெரியவரலாம்.

வேலை தேடுபவர்களே, செய்த வேலையைக் கூச்சப்படாமல் விவரமாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பொய் சொல்லி வாங்கிய நாற்காலி, அதற்குத் தகுதியான இன்னொருவருக்குச் சேரவேண்டியது.