மூன்றாம் தடத்தில் தொலைந்த 3 டெசிபெல்



மின்னணுப் பொறியியல் மாணவனாகிய நான், பினாங்கு பாயான் லெப்பாசில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி மேற்கொண்டேன். கம்பியில்லாத் தொடர்புக்கான மின்சுற்றுப் பலகைகளை நான்கு நான்காகச் சோதிக்கும் கருவி என் பொறுப்பில் இருந்தது. அதற்கு நான்கு தடங்கள், அதாவது சேனல்கள். ஒரு நாள் மூன்றாம் தடத்தில் மட்டும் பலகைகள் தொடர்ந்து தோற்றன. 10 டிபிஎம் காட்ட வேண்டிய இடத்தில் 7 டிபிஎம் காட்டியது.

எவ்வளவு இழப்பு?

டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட அளவு. 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 10 டிபிஎம் என்றால் 10 மில்லிவாட். 7 டிபிஎம் என்றால் ஏறக்குறைய 5 மில்லிவாட். ஆக, பாதித் திறன் வழியிலேயே தொலைந்துவிட்டது! இடைநிலைப்பள்ளியில் ‘லோகாரித்மா’ என்று மலாயில் படித்த மடக்கை அன்றுதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது.

நான் செய்த தவறு

கேபிளின் இயல்பான இழப்பை ஈடுகட்ட மென்பொருளில் ஒரு திருத்த அட்டவணை உண்டு. அவசரத்தில், மூன்றாம் தடத்துக்கு 3 டெசிபெல் கூட்டிவிட்டேன். பலகைகள் தேறின, நானும் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை அதே தடம் நல்ல பலகை ஒன்றுக்கு 13 டிபிஎம் காட்டியது. இழப்பு வந்து வந்து போகிறது. என் திருத்தமோ அப்படியே நிற்கிறது. அப்படியானால், இழப்பு இல்லாத வேளையில் 7 டிபிஎம் மட்டுமே தந்த குறையுள்ள பலகையும் 10 காட்டித் தேறியிருக்குமே! வயிற்றைக் கலக்கியது. மூத்த தொழில்நுட்பர் அண்ணனிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன்.

“எண்ணை மாத்துனா கோளாறு போயிடுமா தம்பி? எங்க தொலையுதுன்னு முதல்ல பாரு,” என்றார். அந்தத் தடத்தில் தேறிய 46 பலகைகளையும் அனுப்பாமல் நிறுத்தி வைத்தோம்.

தேடும் முறை

1. கருவி போதிய அளவு சூடாகட்டும். அமைப்புகளையும் திருத்த அட்டவணையையும் மற்றத் தடங்களோடு ஒப்பிடுங்கள்.

2. கனெக்டரைக் கழற்றுமுன் சமிக்ஞையை நிறுத்துங்கள். தூசு, தேய்மானம், வளைந்த நடு ஊசி ஆகியவற்றைப் பாருங்கள். மாட்டும்போது மரையை மட்டுமே திருகுங்கள். கேபிளைச் சுழற்றக் கூடாது.

3. இரண்டாம், மூன்றாம் தடங்களின் கேபிள்களை மாற்றி மாட்டி, ஒரே நல்ல பலகையைக் கொண்டு அளவிடுங்கள். இழப்பு கேபிளோடு போனால் குற்றம் கேபிளில். தடத்திலேயே நின்றால் கருவிக்குள் உள்ள சுவிட்சையோ தணிப்பானையோ சந்தேகிக்கலாம். இரண்டுமே சரியாகிவிட்டால் இணைப்பு தளர்ந்திருந்திருக்கலாம்.

4. வெவ்வேறு அதிர்வெண்களில் அளவிடுங்கள். கேபிளின் இழப்பு அதிர்வெண்ணோடு கூடும். எங்கும் ஒரே அளவு குறைந்தால் அமைப்பிலோ தணிப்பானிலோ பிழை இருக்கலாம். ஏறி இறங்கினால், 50 ஓம் பொருத்தம் கெட்டுச் சமிக்ஞை எதிர்த்துத் திரும்புகிறது எனலாம்.

எங்கள் இழப்பு கேபிளோடு சென்றது. கனெக்டர் அருகே லேசாக வளைத்தபோது அளவு 10க்கும் 7க்கும் இடையே தாவியது. பல மாதங்கள் கூர்மையாக வளைந்தே கிடந்ததால் அங்கே பற்று விரிசல் விட்டிருந்தது.

புதிய கேபிள் மாட்டினோம். சமிக்ஞை ஆக்கியைப் பவர் மீட்டரில் நேரடியாக இணைத்து ஓர் அளவும், கேபிள் வழியாக ஓர் அளவும் எடுத்தோம். இரண்டின் வித்தியாசமே கேபிளின் உண்மையான இழப்பு. அதையே அட்டவணையில் பதிந்தோம். பிறகு 46 பலகைகளையும் மறுபடி சோதித்தோம். இரண்டு தோற்றன.

அந்த இரண்டும் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவை. நண்பர்களே, திருத்த அட்டவணை என்பது அளந்து அறிந்த இழப்பை எழுதும் இடம். அறியாத இழப்பை மறைக்கும் இடமன்று. ஆய்வுக்கூடத்தில் எண் ஒத்துவராத நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.