நடையும் ஞாபக சக்தியும்



நம் தொழில் உட்கார்ந்து செய்யும் தொழில். காலையில் கல்லாவில் அமர்ந்தால் இரவு கணக்கு முடியும் வரை எழுந்திருப்பது அபூர்வம். சாமான் எடுத்துத் தர ஆள் உண்டு. வீடு திரும்ப மோட்டார் உண்டு. இந்தப் பழக்கம் முதுமையில் மூளையைப் பாதிக்கும் என வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.

பாக்கிக்காரர் பெயர் மறந்து, சற்றுப் பொறுத்து நினைவுக்கு வருவது வயதின் இயல்பு. வாங்கிய பாக்கியை மறுபடி மறுபடி கேட்பதும், பலகாலம் பழகிய தெருவில் வழி தவறுவதும் மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இதனையே டிமென்ஷியா என்கிறார்கள். மலேசியாவில் 2018-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 8 பேருக்கு மேல் இதன் அறிகுறி காணப்பட்டது.

நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி, வயது ஏற ஏறச் சுருங்கும். அமெரிக்காவில் 120 முதியவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2011-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவார் வாரம் 3 நாள், 40 நிமிஷம் நடந்தனர். மற்றவர்கள் கைகால் நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி செய்தனர். ஒரு வருஷத்தில், நடந்தவர்களுக்கு அப்பகுதி 100-க்கு 2 பங்கு வளர்ந்தது, மற்றவர்களுக்கு 1.4 பங்கு சுருங்கியது.

நடந்தால் நோய் வரவே வராது என்பதில்லை. வந்த நோயை நடை தீர்ப்பதுமில்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், காது மந்தம் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். எனினும், நடை காசில்லாத மருந்து.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பனாருக்கு அறுபது ஆனதும், "நீங்க உட்காருங்க வாப்பா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று எல்லா வேலைகளையும் வாங்கிக்கொள்கிறோம். மரியாதை என்று எண்ணிச் செய்வது அவருக்குத் தீங்காகிறது. அவர் சரக்கு எண்ணட்டும். பசாருக்குப் போய் வரட்டும். பேரனைத் துணைக்கு அழைத்துப் பள்ளிவாசலுக்கு நடந்தே போகட்டும்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. 5 நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். நம் பெக்கான் நானாஸில் வெயில் ஏறுமுன், சுபுஹு தொழுகைக்குப் பின் நடப்பது உத்தமம். பேச முடிய வேண்டும், ஆனால் மூச்சுச் சற்று வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். இருதய நோயும் மூட்டு வலியும் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நலம்.

முதுமை வரட்டும் என்று காத்திராமல், நாற்பதிலேயே தொடங்குவோம். நாளைக் காலை, கடை திறக்குமுன் அரை மணி நேரம் நடப்போம். வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்வோம்.